மகளின் முதல் கார்: சாட்ஸ்வொர்த் தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு 18 வயது நிறைந்து, கே53 தேர்வில் தேறி ஓட்டுநர் உரிமமும் வந்துவிட்டது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வேளாண்மை படிக்கச் சேர்ந்திருக்கிறாள். வாரம் முழுவதும் அங்கே விடுதியில் தங்கி, வெள்ளிக்கிழமை மாலை டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவாள். உங்கள் அண்ணன் தாம் அருமையாக வைத்திருக்கும் ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் காரை மருமகளுக்குச் சும்மாவே தருவதாகச் சொல்கிறார். உங்கள் கணவரோ, 1,30,000 ரேண்டுக்கு ஒரு பழைய பக்கி வண்டி, அதாவது பின்னால் சரக்குத் தட்டுள்ள பிக்கப், வாங்கினால் உயரமாகவும் கெட்டியாகவும் இருக்கும், வீட்டு வேலைக்கும் உதவும் என்கிறார். மகளுக்குத் தோழிகளைப் போல வேகமான ஃபோக்ஸ்வேகன் போலோ கார் வேண்டும் என்று ஆசை. இந்த மூன்றில் எது பாதுகாப்பானது, எது நம் சக்திக்குக் கட்டுப்படும் என்பதே உங்கள் கேள்வி.

மூன்றும் வேண்டாம் என்பது என் பதில். நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. அது உங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. அதைச் சொல்வதற்கு முன், இவற்றை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதை விளக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் அண்ணனும் கணவரும் நான் அவர்களைக் குறை சொல்வதாக நினைத்துவிடக்கூடும். இருவரும் பிள்ளையின் மேல் உள்ள அன்பினால்தான் பேசுகிறார்கள்.

விபத்தில் சிக்கிய வண்டிகளை ஆராய்ந்து சேதத்தை மதிப்பிடுவது என் தொழில். ஒரு வண்டியின் அருகே போனதும் நான் முதலில் பார்ப்பது பானெட்டையோ விளக்கையோ அல்ல. ஓட்டுநரின் கதவைத் திறந்து, உள்ளே எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். முன்கண்ணாடியைத் தாங்கும் தூண் நேராக நிற்கிறதா, ஸ்டியரிங் மார்பை நோக்கி ஏறி வந்திருக்கிறதா, பெடல்கள் கால் வைக்கும் இடத்துக்குள் புகுந்திருக்கின்றனவா என்ற மூன்றையும் பார்த்தாலே, உள்ளே இருந்தவர் எந்த நிலையில் வெளியே வந்திருப்பார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். முன்பகுதி அப்பளமாக நொறுங்கியும் உள்ளறை குலையாமல் நிற்கும் வண்டிகளைப் பார்க்கிறேன். வெளியே அவ்வளவு சேதம் இல்லாமலே உள்ளறை சுருங்கிப்போனவற்றையும் பார்க்கிறேன். இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது வண்டியை வடிவமைத்த காலமும் முறையும்தான். உரிமையாளர் அதை எவ்வளவு அன்பாகத் துடைத்து வைத்திருந்தார் என்பதற்கு அதில் பங்கில்லை.

சிட்டி கோல்ஃபின் குறை இதில்தான் இருக்கிறது. அந்த வண்டியின் மேல் நம் மக்களுக்கு இருக்கும் பாசத்தை நான் அறிவேன். டர்பனில் அது ஓடாத தெரு இல்லை. ஆனால் 2009 வரை ஊட்டன்ஹேக் தொழிற்சாலையில் செய்யப்பட்டாலும், அதன் உடற்கூடு 1974-ல் வெளிவந்த முதல் தலைமுறை கோல்ஃபினுடையது. ஏர்பேக் கிடையாது; சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் கிடையாது. நகருக்குள் மெதுவாக ஓட்டும் அனுபவசாலியின் கையில் அது இன்னும் பல ஆண்டுகள் ஓடட்டும். உங்கள் மகள் போகப்போவதோ என்3 நெடுஞ்சாலையில், 120 கிலோமீட்டர் வேக வரம்புள்ள பாதையில். வேகம் 60-லிருந்து 120 ஆகும்போது மோதலின் ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்காகிறது. அந்த ஆற்றலைத் தாங்குவதற்காக அந்தக் கூடு கட்டப்படவில்லை. அண்ணனிடம் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

பக்கி வண்டியைப் பற்றி உங்கள் கணவர் சொல்வது பார்வைக்குச் சரியாகத்தான் தோன்றும். எடை கூடிய வண்டி மோதலில் ஓரளவு சாதகம் பெறும் என்பதும் உண்மையே. ஆனால் உயரமும் தடித்த தகடும் உள்ளறையின் உறுதிக்கு உத்தரவாதம் ஆகா. குளோபல் என்கேப் என்ற அமைப்பு, தென்னாப்பிரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏ-யுடன் சேர்ந்து, இங்கே விற்கும் வண்டிகளை 2017 முதல் மோதிப் பார்த்து, ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் தந்து வருகிறது. 2018-ல் அவர்கள் சோதித்த நிசான் என்பி300 ஹார்ட்பாடி என்ற பக்கி, இரண்டு ஏர்பேக் இருந்தும், பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பின்னால் சரக்கு இல்லாத பக்கியில் பின்சக்கரங்களின் மேல் எடை குறைவு. கோடை மழையில், சரிவான வளைவில், பழக்கமில்லாத கால் ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்திவிட்டால் பின்பக்கம் வழுக்கிச் சுழலும். டர்பனிலிருந்து மேலேறும் பாதையில் சரிவுக்கும் வளைவுக்கும் குறைவே இல்லை.

மகள் கேட்கும் போலோ நல்ல வண்டிதான். ஆனால் இரண்டு காரணங்களுக்காகத் தயங்குகிறேன். அவள் விரும்புவது சக்தி மிகுந்த எஞ்சின் உள்ள வகை. காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ், பதின்வயது ஓட்டுநருக்கு அதிகக் குதிரைத்திறன் வேண்டாம், மிகச் சிறிய வண்டியும் வேண்டாம் என்று தொடர்ந்து சொல்லி வருகிறது. இரண்டாவது காரணம், நம் ஊரில் திருடர்கள் விரும்பித் தேடும் வண்டிகளில் போலோவும் ஒன்று. அதனால் காப்பீட்டுத் தவணை கூடும். டிராக்கர் பொருத்தினால்தான் காப்பீடு என்றும் நிறுவனம் நிபந்தனை போடலாம். சாதாரண எஞ்சின் உள்ள போலோ என்றால் இந்த அளவுக்கு மறுத்திருக்க மாட்டேன்.

இனி, நான் எதைத் தேடச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். பதின்வயதினரின் வண்டியில் ஒரே ஒரு வசதிதான் கேட்கலாம் என்று யாராவது கட்டுப்படுத்தினால், நான் இஎஸ்சி என்பதைக் கேட்பேன். சில நிறுவனங்கள் இதை இஎஸ்பி என்கின்றன, டொயோட்டாவில் விஎஸ்சி என்று இருக்கும், வேலை ஒன்றுதான். ஓட்டுபவர் ஸ்டியரிங்கை எந்தத் திசையில் திருப்பியிருக்கிறார், வண்டி உண்மையில் எந்தத் திசையில் போகிறது என்று அந்தக் கருவி இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் மாறுபட்டால், அதாவது வண்டி வழுக்கத் தொடங்கினால், தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக்கைப் பிடித்து, எஞ்சினின் வேகத்தையும் குறைத்து, வண்டியை நேருக்குக் கொண்டுவரும். வழுக்கல் தொடங்கிவிட்டது என்று ஓட்டுபவர் உணர்வதற்கு முன்பே இது நடந்துவிடும்.

பிள்ளைகளுக்கு இது பெரியவர்களைவிட முக்கியமாவதற்குக் காரணம், அவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒரே வகையானது என்பதுதான். சாலையில் ஒரு குழியோ நாயோ திடீரென்று தெரிந்ததும் ஸ்டியரிங்கைப் பலமாக ஒடிப்பார்கள். வண்டி பக்கவாட்டில் இழுத்ததும் பதறிப்போய் எதிர்ப்பக்கம் அதைவிடப் பலமாக ஒடிப்பார்கள். இரண்டாவது ஒடிப்பில்தான் வண்டி கைவிட்டுப் போகும். அந்த நொடியில் காப்பாற்றுவது இந்தக் கருவி. ஒரே வண்டி மட்டும் சிக்கும் உயிர்ப்பலி விபத்துகளின் வாய்ப்பை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று ஐஐஎச்எஸ் கண்டறிந்திருக்கிறது. அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டு முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதலும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். இங்கே அப்படிக் கட்டாயமாக்காததால், ஒரே பெயருள்ள வண்டியில் விலை உயர்ந்த வகையில் மட்டும் இருக்கும், மலிவான வகையில் இராது. ஆகவே விளம்பரத்தை நம்பாதீர்கள். சாவியைத் திருப்பி, டாஷ்போர்டில் பின்னால் நெளிந்த கோடுகளுடன் ஒரு கார் வழுக்குவது போன்ற சிறு விளக்கு எரிந்து அணைகிறதா என்று நீங்களே பாருங்கள்.

இப்போது அந்த நான்காவது வழி. உங்கள் கணவர் 2021-ல் புதிதாக வாங்கிய செடானில் ஆறு ஏர்பேக்கும் இஎஸ்சியும் இருப்பதாகவும், அதில் அவர் மொபேனியில் உள்ள வேலையிடத்துக்கு மட்டும் தினமும் போய்வருவதாகவும் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வண்டியை மகளிடம் கொடுங்கள். நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தில் உங்கள் கணவருக்கு ஒரு நல்ல பழைய வண்டி வாங்குங்கள். அவர் விரும்பினால் அந்தப் பக்கியையே வாங்கட்டும்.

இதைப் படித்ததும் வீட்டில் எழப்போகும் பேச்சு எனக்குத் தெரிகிறது. உழைத்து வாங்கிய புதுக் காரை நேற்று உரிமம் வாங்கிய பிள்ளையிடம் எப்படிக் கொடுப்பது, கீறிக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். கீறத்தான் செய்வாள். பம்பரும் கதவும் மாற்றக்கூடியவை. அதைச் செய்து கொடுப்பதற்கு ஊர் முழுக்கப் பட்டறைகள் இருக்கின்றன. பல ஆண்டு அனுபவமுள்ள தகப்பனார் நகருக்குள் சில கிலோமீட்டர் ஓட்டுவதற்கு வீட்டிலேயே மிகப் பாதுகாப்பான வண்டியும், அனுபவமே இல்லாத மகள் லாரிகளுக்கு நடுவே 70, 80 கிலோமீட்டர் ஓட்டுவதற்கு வீட்டிலேயே மிகப் பலவீனமான வண்டியும் என்று பிரித்துக்கொள்வதை, நம் குடும்பங்களில் யாரும் யோசித்து முடிவு செய்வதில்லை. வழக்கமாகவே அப்படி அமைந்துவிடுகிறது. பிள்ளைக்குத்தானே, பழகுகிற வரைக்கும் பழசு போதும் என்கிறோம். விபத்து வாய்ப்பு மிகுந்திருப்பதோ அந்தப் பழகுகிற காலத்தில்தான். இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும் என்பதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.

ஒருவேளை கணவர் இதற்கு இணங்கவில்லை, வேறு வண்டிதான் வாங்க வேண்டும் என்று முடிவானால், பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பழுது இருக்கிறது என்று பொருள். ஆனால் அதைவிட மோசமானது எரியவே எரியாத விளக்கு. முன்பு விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடியை மட்டும் ஒட்டிவிட்டு, விளக்கைத் துண்டித்திருக்கலாம். அடுத்து, ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். சாதாரணமாக உள்ளே சுருண்டிருக்கும் அந்தக் கடைசிப் பகுதி புதிதுபோல் இருக்க வேண்டும். பெல்ட்டில் அலையலையாக நீண்ட தடமோ, தோளுக்கு மேல் அது நுழையும் வளையத்தில் உருகித் தேய்ந்த கோடோ தெரிந்தால், அந்தப் பெல்ட் ஒரு மோதலில் ஓர் ஆளைத் தாங்கியிருக்கிறது. விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்த வண்டியை விட்டு வந்துவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். சட்டம் கேட்கும் தடத்தின் ஆழம் 1 மில்லிமீட்டர் மட்டுமே. மழைச் சாலைக்கு அது போதவே போதாது, 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். வண்டி விலையைப் பேசும்போதே நான்கு புது டயருக்கான பணத்தைத் தனியே எடுத்து வைப்பது நல்லது.

டர்பன் வாசிகள் தவறாமல் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. தக்காட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக்குகள் ஹோண்டா, டொயோட்டா, பிஎம்டபிள்யூ உள்ளிட்ட பல நிறுவனங்களின் கார்களில் உலகெங்கும் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றை விரியச் செய்யும் அம்மோனியம் நைட்ரேட், நீண்ட காலம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இருந்தால் கெட்டுப்போய், மோதலின்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகச் சில்லுகளை ஓட்டுநரின் மேல் வீசிவிடும். வெப்பமும் ஈரமும் நம் கடற்கரையில் ஆண்டு முழுவதும் இருக்கின்றன. வண்டியின் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் கொடுத்து, திரும்பப் பெறும் பட்டியலில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் செலவில்லாமல் மாற்றித் தருவார்கள்.

பதிவுச் சான்றிதழில் அந்த வண்டி கோட் 2 என்றிருந்தால் சாதாரணமாகப் பயன்படுத்திய வண்டி. கோட் 3 என்றால் சிதைந்ததை மீண்டும் கட்டி எழுப்பியது. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கோட் 3 வண்டியில் பிள்ளையை ஏற்றாதீர்கள். பெயர் மாற்றத்துக்குத் தேவையான ரோட்வர்த்தி சான்றிதழ் குறைந்தபட்சத் தகுதியைத்தான் காட்டும். ஆகவே வாங்குவதற்கு முன் உங்கள் சொந்தச் செலவில் ஏஏ அல்லது டெக்ரா நிலையத்தில் முழுச் சோதனை செய்துகொள்ளுங்கள். விற்பனையாளரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆறு மாதங்களுக்குக் குறைபாட்டைச் சொல்லித் திருத்தவோ திருப்பித் தரவோ கோரலாம். தனியாரிடம் ஃபூட்ஸ்டூட்ஸ், அதாவது உள்ளது உள்ளபடி, என்று எழுதி வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. தெரிந்தே குறையை மறைத்தார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

நட்சத்திரங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2017-ல் நடந்த முதல் சோதனையில் டொயோட்டா எட்டியோஸ் நான்கும், போலோ விவோவும் ரெனோ சாண்டெரோவும் மூன்றும், டட்சன் கோ பிளஸ் ஒன்றும் பெற்றன. செரி க்யூக்யூ3 எதுவும் பெறவில்லை. ஆனால் இவை அந்த ஆண்டில் விற்ற வடிவங்களுக்கு உரியவை. விவோ 2018-ல் வேறு வடிவத்துக்கு மாறியது. எனவே பெயரை மட்டும் பார்க்காமல் ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

காப்பீட்டில் ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தவணை குறையும் என்பதற்காக, வண்டியை வழக்கமாக ஓட்டுபவர் என்று தகப்பனார் பெயரை எழுதிவிடுவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. வாரந்தோறும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்வருவது மகள் என்றால், ரெகுலர் டிரைவர் என்ற இடத்தில் அவள் பெயர்தான் இருக்க வேண்டும். வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்பதில் விடுதியின் முகவரியையும் சொல்லியாக வேண்டும். விபத்துக்குப் பின் நடக்கும் விசாரணையில் உண்மை தெரிந்தால் நிறுவனம் முழுத் தொகையையும் மறுத்துவிடலாம். வண்டியும் போய், மோதப்பட்ட வண்டிக்கான இழப்பீடும் உங்கள் தலையில் விழும். சாலை விபத்து நிதியம் உடற்காயத்துக்குத்தான் ஈடு தரும், வண்டிச் சேதத்துக்குத் தராது என்பதை நினைவில் வையுங்கள். 25 வயதுக்குக் குறைந்தவருக்கு எக்ஸஸ் தொகை, அதாவது இழப்பீடு கேட்கும்போது நாமே கட்ட வேண்டிய பங்கு, கூடுதலாக இருக்கும். அதை எழுத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வண்டி எதுவாக இருந்தாலும், கே53 தேர்வு வாகனத்தை நிறுத்தவும், மேட்டில் நகர்த்தவும், ஊர்ச் சாலையில் ஓட்டவும்தான் சோதிக்கிறது. லாரிகள் வரிசையாக ஏறும் கீ ரிட்ஜ் பகுதியில், சாலை வேலைக்காகப் பாதை குறுகிய இடத்தில் எப்படி ஓட்டுவது என்பதை வீட்டார்தான் பழக்க வேண்டும். முதல் சில மாதங்கள் உங்கள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, பகலில் சில முறை, மழையில் சில முறை, இருட்டியபின் சில முறை அந்தப் பாதையில் போய் வரட்டும். வெள்ளிக்கிழமை வகுப்பு தாமதமாக முடிந்தால் அன்றே புறப்படாமல் சனிக்கிழமை காலை வரச் சொல்லுங்கள். முதல் ஆண்டில் தோழிகளை நிறைத்துக்கொண்டு வர வேண்டாம். சக வயதினர் வண்டியில் கூடக்கூட இளம் ஓட்டுநரின் விபத்து அபாயமும் கூடுகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. அதற்கு மகள் கோபித்துக்கொண்டால், காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். 18 வயதில் புரிந்துகொள்வாள்.

முதல் வேலையாக, இந்த வாரமே உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, செடானின் ரெகுலர் டிரைவராக மகளை மாற்றினால் தவணை எவ்வளவு, எக்ஸஸ் எவ்வளவு என்று கேளுங்கள். வண்டிக்கு வங்கிக் கடன் பாக்கி இருந்தால் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தத் தொகை கையில் வந்தபின் கணவருடன் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கு வாங்கப் பார்க்கும் வண்டியின் பெயர், ஆண்டு, வகை மூன்றையும் எனக்கு எழுதினால், அதில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தனியே பதில் எழுதுகிறேன்.